கிரோவேரில் உயிரோடு யாரையும் தூக்குவதில்லை

1997 மே 14 — 612 குரோனர்
1998 நவம்பர் 3 — 640 குரோனர்
2003 மார்ச் 11 — 718 குரோனர்
2009 ஜூன் 2 — 906 குரோனர்
2015 மே 20 — 1,080 குரோனர்
2016 ஆகஸ்ட் 29 — 1,124 குரோனர்

கிரோவேர் தீவின் உடல்நலச் சங்கம் அட்ரினலின் ஊசி வாங்கிய தேதிகளில் சில இவை. ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி. பேனா அளவில் இருக்கும். மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்தினால் மருந்து தானாக இறங்கும். குளவிக் கொட்டோ வேர்க்கடலையோ மீனோ ஒத்துக்கொள்ளாமல் சிலருக்குத் தொண்டை வீங்கும், ரத்த அழுத்தம் விழும், கொஞ்ச நேரத்தில் ஆளே போய்விடுவார். அந்த ஒவ்வாமைக்கு முதல் மருந்து இதுதான். ஒன்றரை ஆண்டில் காலாவதியாகிவிடும். நாங்கள் வாங்கியவற்றில் பெரும்பாலானவை பயன்படாமலே மருந்துக்கடைக்குத் திரும்பிப் போயின. கடைசி வரியில் உள்ளது, எட்வினுக்குப் போட்ட ஊசிக்குப் பதிலாக வாங்கியது.

ஊசிகள் இருந்த பை, கடை வைத்திருக்கும் யோருனிடம் இருந்தது. இது அவளைப் பற்றியது.

யோருன் பிறந்தது 1959 பிப்ரவரியில், எங்கள் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே, மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த மோட்டார் படகில். அவளுடைய அம்மா வலி எடுத்த பிறகு வேலிக் கம்பங்களைப் பிடித்துப் பிடித்து நின்று, படகுத்துறை வரை நடந்தே போனவள். அதில் யாருக்கும் வியப்பில்லை. கிரோவேரில் உயிருள்ளவர்கள் தங்கள் காலால் நடந்துதான் படகேறுவார்கள். தூக்கிச் சுமப்பது இறந்தவர்களை. கடலுக்குப் போய் உடலாகத் திரும்பியவர்களை அந்தத் துறையிலிருந்து தேவாலயம் வரை நான்கு பேர் சுமப்பார்கள். அதே பாதையில் உயிருள்ள ஒருவரைப் படகை நோக்கிச் சுமந்ததை எங்களில் யாரும் பார்த்ததில்லை. கைக்குழந்தைகளை இதில் சேர்க்க வேண்டாம். இது எங்கும் எழுதி வைத்த விதியும் இல்லை. 1961-இல் பெத்ரா என்ற கிழவி இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு பேர் தோளில் கைபோட்டு, ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் படகேறினாள். "கோழி மாதிரி போறேன், போகட்டும். பொணம் மாதிரி போகலையே" என்று அவள் சொன்னதை இன்றைக்கும் எங்கள் ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

யோருன் இருபது வயதில் அப்பாவின் கடையை எடுத்துக்கொண்டாள். ரொட்டி, பெயின்ட், தூண்டில் நூல், தபால் எல்லாம் அங்கேதான். பயணிப் படகு வரும்போது ஓடிப்போய்க் கயிற்றை வாங்கிக் கட்டுவதும் அவள் வேலை. கணவன் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் இருந்தவன். ஒருமுறை விடுப்பில் கரை இறங்கியவன் ஸ்டவாங்கர் நகரத்திலேயே தங்கிவிட்டான். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. அவன் பெயருக்கு வரும் கடிதங்களை மட்டும் புதிய முகவரி எழுதி ஒழுங்காக அனுப்பிவிடுவாள்.

வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த மருத்துவர் 1996-இல் வருவதை நிறுத்தினார். அவருக்குப் பதிலாக, அவசரத்துக்கு முதலில் ஓடிப்போகத் தீவில் ஒருவரைப் பழக்கிவைக்க வேண்டும் என்று வட்டார நர்ஸ் வந்து கூட்டம் போட்டார்.

"மூணு தகுதி இருந்தா போதும். படகுத்துறைப் பக்கம் வீடு இருக்கணும். கூப்பிட்டா போனை எடுக்கணும். சனிக்கிழமை ராத்திரியிலயும் தலை தெளிவா இருக்கணும்" என்றார் நர்ஸ்.

"மூணாவதைச் சொன்னதும் அத்தனை ஆம்பளைங்களும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க" என்று யோருன் பின்னாளில் சொல்வாள்.

இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தாள். ஆரஞ்சு நிறப் பை ஒன்று வந்தது. ஆக்ஸிஜன், கட்டுத்துணி, பிறகு இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி, இந்த ஊசிகள். அடுத்த இருபது ஆண்டுகளில் கட்டைவிரலில் ஏறிய தூண்டில் முட்களை எத்தனையோ முறை எடுத்தாள். எட்வினுக்கு முன் அட்ரினலின் ஊசியை இரண்டே முறை பயன்படுத்தினாள். 2004 கோடையில் ஒரு ஜெர்மன் குழந்தை கொட்டை கலந்த சாக்லேட் தின்று நீலம் பாரித்தது. அதை அப்பா கையில் ஏந்திக்கொண்டு படகேறினார். 2008-இல் கூரை வேய வந்த தச்சன் ஒருவனைக் குளவி கொட்டியது. அவன் கிடந்த புல்வெளியிலேயே ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். இரண்டு முறையும், படுத்திருக்கும் ஒரு கிரோவேர்க்காரனைப் படகுக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி எழவில்லை.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஊர்க்கூடத்தில் அவள் எங்களுக்குப் பாடம் எடுப்பாள். வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் உண்டு, அதனால் கூட்டம் வரும். மருந்தில்லாத பயிற்சி ஊசியைத் தன் தொடையில் அழுத்திக் காட்டுவாள். காலாவதியான ஊசி கையில் இருந்தால் அதை ஓர் ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் காட்டுவாள்.

எட்வினின் தம்பி ஹில்மார் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவான். நண்டுக் கூண்டு போடுபவன், கல்யாணம் ஆகாதவன், வாய் சும்மா இருக்காது.

"யோருன், பழத்துக்கு இப்ப மூச்சு நல்லா வருதா?"

"உன் தொடையைவிட இதுல சதை ஜாஸ்தி. வா, வந்து காட்டு பாப்போம்."

மூன்று விஷயம் சொல்வாள். தயங்காமல் ஊசியைப் போடு. 113, அவசர எண்ணுக்குப் போன் செய். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வை, தேறிவிட்டதாகத் தெரிந்தாலும் எழவிடாதே.

"அப்ப படகுக்கு எப்படிப் போறது? மல்லாக்க நீந்தியா?" என்று ஒரு வருஷம் எட்வின் கேட்டான். கூடமே சிரித்தது. யோருனும் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனாள்.

2016 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை, ஊர் கூடிப் படகுக் கொட்டகையைச் செப்பனிடும் நாள். எட்வினுக்கு அப்போது எழுபத்தொன்று. கப்பல் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவன், நிதானமான ஆள். மூலையில் கிடந்த பழைய வலையை இழுத்தான். உள்ளே குளவிக்கூடு இருந்தது. கழுத்தில் இரண்டு, மணிக்கட்டில் ஒன்று கொட்டின.

"வயசான ரத்தம்தான் ருசி போல" என்றான். நாங்கள் சிரித்தோம். அவன் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தான். காதுகள் சிவந்தன. பிறகு மனைவி மக்னில்டைப் பார்த்து, "நாக்கு பெருசாயிட்ட மாதிரி இருக்குடி" என்றான். குரல் கரகரவென்று மாறியிருந்தது. அப்படியே சுவரோடு சரிந்தான்.

யோருன் கடைக்கு ஓடிப் பையோடு வந்தாள். வேலைக்கான தடித்த கால்சட்டையின் மேலேயே தொடையில் ஊசியை வைத்து அழுத்தினாள். அவனை வலைக்குவியல் மேல் படுக்க வைத்துக் காலை மீன்பெட்டி மேல் தூக்கி வைத்தாள். போனில் இருந்த பெண் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள். ஹெலிகாப்டர் வேறோர் இடத்துக்குப் போயிருந்தது, ஆம்புலன்ஸ் படகு கிளம்பிவிட்டது, படுத்தே இருக்கட்டும் என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னது எங்களுக்கும் கேட்டது.

ஊசி வேலை செய்தது. முகத்துக்கு நிறம் வந்தது. மூச்சு இரைப்பது குறைந்தது. மக்னில்ட் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். "சாயங்காலம் காட் மீன் வறுக்கணும், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் தைரியம் வந்தது.

படகு முனையைச் சுற்றி வந்து துறையில் அணைந்தது. மஞ்சள் சட்டை போட்ட இருவர் உள்ளே ஸ்ட்ரெச்சரை அவிழ்ப்பது கொட்டகை வாசலிலிருந்தே தெரிந்தது. எட்வினும் அதைப் பார்த்தான். முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"படு எட்வின்" என்றாள் யோருன்.

"நல்லாத்தான் இருக்கேன். அவங்க அந்தக் கட்டிலை எடுத்துட்டு வர்றதுக்குள்ள நான் போயிடறேன்."

"படுக்கச் சொன்னாங்கல்ல."

"ஊரே பாக்க என்னைத் தூக்கிட்டுப் போகணுமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"கோழி மாதிரி போறியா, பெத்ரா மாதிரி?" என்று ஹில்மார் கேட்டான். சிரிப்பு எழுந்தது. பயத்திலிருந்து விடுபட்டவர்களின் சிரிப்பு, சத்தமாகவே இருந்தது. எட்வின் எழுந்தே நின்றுவிட்டான். யோருன் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். பிறகு கையைக் கொடுத்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

துறைப் பலகையில் பாதித் தூரம் போனதும் நின்றான். "கண்ணை இருட்டுது" என்றான். யோருன் தாங்கிப் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டான். ஸ்ட்ரெச்சரோடு வந்த இருவரும் அவளும் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினார்கள். இரண்டாவது ஊசி, மின்னதிர்ச்சிப் பெட்டி, படகில் இருந்த மருந்துகள், எல்லாம் பார்த்தாயிற்று. அவன் திரும்பவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு மஞ்சள் சட்டைக்காரர்களில் மூத்தவர் மக்னில்டிடம் வந்து முழங்காலிட்டு உட்கார்ந்து பேசினார்.

ஆறு நாள் கழித்து எட்வினைத் தேவாலயத்துக்குச் சுமந்தார்கள். முன்பக்கம் பிடித்தவன் ஹில்மார்.

அடக்கம் முடிந்த மறுநாள் யோருன் ஆரஞ்சுப் பையைக் கடை மேசை மேல் வைத்தாள். "வேற யாராவது எடுத்துக்குங்க" என்றாள். ரொட்டி வாங்க வந்தவர்கள் பையைப் பார்த்தார்கள், ரொட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். சங்கம் புதிய ஊசிகளை வாங்கி அதில் வைத்தது. ஒரு வாரம் கழித்து இடம் அடைக்கிறது என்று அவளே அதை எடுத்து உருளைக்கிழங்கு மூட்டைப் பக்கம் வைத்தாள். வட்டார நர்ஸ் வந்து கூட்டம் போட்டுப் பார்த்தார். இந்த முறை எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கிரோவேரில் அறுபத்து மூன்று பேர் இருந்தோம், பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். அவசரத்துக்கு ஓட யாரும் இல்லை.

அக்டோபரில் சுகாதார மேற்பார்வை அலுவலகத்திலிருந்து இருவர் விசாரணைக்கு வந்தார்கள். ஊர்க்கூடத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கொட்டகையில் இருந்த நாங்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னோம். எட்வின் தானாக எழுந்தான், படுக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அது பொய்யில்லை. யோருன் மட்டும் வேறு மாதிரி சொன்னாள். அவள் சொன்னது கதவுக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது.

"ஒரு தடவைதான் கண்டிச்சுச் சொன்னேன். அப்புறம் நானே கையைக் குடுத்தேன்."

"விழாம இருக்கத்தானே குடுத்தீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல. நடக்கிறதுக்குக் குடுத்தேன். கூட வந்தேன். இந்த ஊர்ல அப்படித்தான்."

வெளியே வந்தவளை ஹில்மார் மறித்தான். "உன்னைக் காப்பாத்த நாங்க இத்தனை பேர் உள்ள போய்ப் பேசிட்டு வர்றோம். நீ என்னடான்னா கழுத்தை நீட்டிட்டு வர்றே!"

"என்னைக் காப்பாத்தவா பேசினீங்க? கோழின்னு சிரிச்சதை உள்ள யாரும் சொல்லலையே."

ஹில்மார் முகம் வெளுத்தது. "வருஷா வருஷம் பழத்தைக் குத்திக் காட்டினியே. என் அண்ணனைப் பழமாவாவது நினைச்சிருக்கலாம். பழம் எந்திரிச்சு நடந்திருக்காது." இதைச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு கடைக்கு வந்தாலும் காசை மேசையில் வைப்பானே தவிர வாயைத் திறக்கமாட்டான்.

மக்னில்ட் மட்டும் மாறவில்லை. வியாழக்கிழமைகளில் கடைக்கு வந்து காப்பி குடிப்பாள், ஞாயிற்றுக்கிழமை யோருனைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுவாள். எட்வினைப் பற்றிப் பேசுவாள், அவன் போன நாளைப் பற்றிப் பேசமாட்டாள். யோருனுக்கு அதுதான் தாங்கவில்லை. "திட்டினா பரவாயில்ல. காப்பி ஊத்திக் குடுத்துக்கிட்டே இருக்கா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

ஜனவரியில் முடிவு வந்தது. தன்னார்வலர் பயிற்சிக்கு ஏற்ப நடந்துகொண்டார், நடவடிக்கை தேவையில்லை, நோயாளியை எழவிடாமல் இருப்பதைப் பயிற்சியில் இன்னும் வலியுறுத்த வேண்டும். இவ்வளவுதான். ஊரில் எல்லோரும் நிம்மதியானார்கள். யோருன் ஆகவில்லை. அன்றைக்கே ஒரே கேள்வியை எழுதி அனுப்பினாள். படுத்தே இருந்திருந்தால் எட்வின் பிழைத்திருப்பானா?

முடிந்துபோன விசாரணை குறித்துத் தனிப்பட்ட விளக்கம் தருவதில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். கடிதம் கிடைத்தது என்று மட்டும் ஒரு வரி வந்தது.

"எதுக்கு அவங்களைப் போட்டு நச்சரிக்கிறே? உன் மேல தப்பில்லன்னு முத்திரை குத்தியே குடுத்துட்டாங்களே" என்றேன்.

"தப்பான்னு நான் கேக்கல. பிழைச்சிருப்பானான்னு கேக்கறேன். எப்படியும் போயிருப்பான்னா பையை நாளைக்கே எடுத்துக்கறேன். பிழைச்சிருப்பான்னா எனக்கு அந்தப் பை வேணாம். அடுத்த ஆளையும் நான் அப்படித்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். என்னை எனக்குத் தெரியும்."

பை உருளைக்கிழங்குப் பக்கமே இருந்தது. அந்தக் குளிர்காலம் நல்லபடியாகப் போனது. கோடையும் போனது. யாருக்காவது நெஞ்சில் பிசைந்தால் ஊரே எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

2017 செப்டம்பர் 2 அன்று மேற்கு வளைகுடாவில் நண்டு விருந்து. அங்கே பாதை கிடையாது, பாறை மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். கடல்நீரில் வேகவைத்த நண்டு, வெள்ளை ரொட்டி, எலுமிச்சை, மேயோனைஸ். பிடித்துக்கொண்டு வந்தவன் ஹில்மார். ஐம்பது வருஷமாக நண்டு தின்றவன். சாப்பிடும்போதே உள்ளங்கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

"பீரைக் குறைடா" என்று யாரோ கத்தினார்கள்.

திரும்பி வந்தவனின் உதடும் கண்ணிமைகளும் தடித்திருந்தன. மக்னில்ட் தட்டைக் கீழே வைத்தாள். "ஹில்மார், உள்ளங்கை அரிக்குதா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். பேச முயன்றான், அண்ணனின் அதே கரகரப்பு வந்தது. போன வருஷமே நண்டு தின்று உதடு தடித்ததாம். யாரிடமும் சொல்லவில்லையாம். அதைப் பிறகு மருத்துவமனையில்தான் சொன்னான்.

எல்லோரும் யோருனைப் பார்த்தோம். அவள் கையில் நண்டுக்கால் இருந்தது. எழவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம்தான். பிறகு கையைத் துடைக்காமலே பாறைகள் மேல் கடையை நோக்கி ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவள் திரும்பி வருவதற்குள் நாங்கள் ஹில்மாரைப் படுக்க வைத்துக் காலுக்கடியில் நண்டுக்கூண்டை வைத்து, 113-க்குப் பேசியிருந்தோம். பாடம் மறக்கவில்லை.

முதல் ஊசி போதவில்லை. போனில் இருந்தவர் சொன்னபடி சிறிது நேரம் பார்த்துவிட்டு அடுத்த தொடையில் இரண்டாவதைப் போட்டாள். மூடுபனியில் ஹெலிகாப்டர் வராது, படகுதான். அது வந்துசேரும்போது ஹில்மாருக்குக் குரல் திரும்பியிருந்தது. வாயும் திரும்பியிருந்தது. மஞ்சள் சட்டைக்காரர்கள் பாறைகளைத் தாண்டி ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். நான்கு பக்கமும் ஆள் பிடித்தால்தான் இதில் கொண்டுபோக முடியும், இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள்.

"யாரும் பிடிக்க வேணாம். நடந்து வர்றேன்" என்று ஹில்மார் எழப் பார்த்தான்.

யோருன் அவன் இரண்டு தோளையும் பிடித்துக் கீழே அழுத்தினாள். "எந்திரிச்சா செத்துடுவே."

"கையை எடுடி! எங்கப்பன் நடந்தான், எங்கண்ணன் நடந்தான்…"

"உங்கண்ணன் எதுவரைக்கும் நடந்தான்?"

அவன் மறுபடி சாய்ந்தான். ஆனால் எங்கள் ஆண்கள் நகரவில்லை. கையைப் பிசைந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றியே விட்டான், சவம் எடுக்கும்போது செய்வது போல. மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு எதுவும் புரியவில்லை.

மக்னில்ட் வந்து ஸ்ட்ரெச்சரின் ஒரு கைப்பிடியைப் பிடித்தாள். அவளுக்கு எழுபது.

"தொப்பியைப் போடுடா மடையா. ஆள் உசிரோட இருக்கான். ஒருத்தனைத் தூக்காம விட்டு என்ன ஆச்சுன்னு பார்த்தாச்சுல்ல? வந்து பிடிங்கடா!"

உடனே ஆறு பேர் வந்தார்கள். அவள் கையிலிருந்து கைப்பிடியைப் பிடுங்க வேண்டியிருந்தது, விடமாட்டேன் என்றாள். பாறைகளில் வழுக்கி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு கொண்டுபோனார்கள். ஹில்மார் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். "மூஞ்சியைத் திற, பொணம்னு நினைச்சுக்கப் போறாங்க" என்று யோருன் சொல்லிப் போர்வையை விலக்கினாள். அவன் மறுபடி மூடினான். துறை வரை இப்படியே போனார்கள்.

மூன்றாம் நாள் திரும்பினான். மூன்று வாரம் கடைப்பக்கம் வரவில்லை, வாய்ப்புகையிலைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பினான். பிறகு ஒருநாள் வந்து காப்பித்தூள் கேட்டான்.

"எவ்வளவு?" என்றாள் யோருன்.

"கால் கிலோ. நண்டு இனிமே உனக்குத்தான். வாரா வாரம் கொண்டு வந்து போடறேன், எனக்கு எதுக்கு அது?" என்றான். மன்னிப்புக் கேட்டானா, நன்றி சொன்னானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

யோருன் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள் என்று ஊர் நினைத்தது. அவளோ அதை மறுபடி உருளைக்கிழங்குப் பக்கம் வைத்துவிட்டு, "அது அன்னைக்கு மட்டும்" என்றாள். மூன்றாவது முறையாகவும் அலுவலகத்துக்கு அதே கேள்வியை எழுதி அனுப்பினாள். இந்த முறை ஹில்மாரைப் பற்றியும் எழுதினாள்.

பதில் அலுவலகத்தாளில் வரவில்லை. விசாரணைக்கு வந்த இருவரில் ஒருவரான மருத்துவர் தன் சொந்தத் தாளில், கையால் எழுதியிருந்தார். எவராலும் உறுதி கூற முடியாது என்று தொடங்கியிருந்தார். நீங்கள் நேராகக் கேட்பதால் நேராகச் சொல்கிறேன் என்று அடுத்த பத்தி. இத்தகைய ஒவ்வாமையில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து கிடக்கின்றன. எழுந்து நின்றால் ரத்தம் கால்களுக்கு இறங்கி, இதயத்துக்குத் திரும்பிவரப் போதுமான ரத்தம் இருப்பதில்லை. எட்வினுக்கு ஊசி நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. படுத்தே இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

யோருன் கடையைப் பூட்டிவிட்டு, கடிதத்தோடு மக்னில்ட் வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததை மறுநாள் மக்னில்டே எனக்குச் சொன்னாள்.

யோருன் நின்றுகொண்டே முழுவதையும் படித்துக் காட்டினாளாம். மக்னில்ட் பின்னிக்கொண்டிருந்ததைக் கீழே வைக்கவில்லை.

"இது எனக்கு அன்னைக்கே தெரியும். என் மடியிலதானே தலை வச்சிருந்தான். மூச்சு சீரா வந்துச்சு. நான் விட்டேன், நீ விட்டே."

"தெரிஞ்சுமா இத்தனை நாள் எனக்குக் காப்பி ஊத்திக் குடுத்தே?"

"ஊத்தாம? இந்தத் தீவுல நான் வேற யாரோட குடிக்க?"

யோருன் உட்காரவில்லை. கொஞ்சநேரம் அழுதாளாம். பிறகு, "பையை நான் வேணாம்னுதான் சொல்லியிருந்தேன்" என்றாளாம்.

"சொல்லியிருப்பே. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் வருவா? ஹில்மாரா?" என்றாள் மக்னில்ட். "நான் எந்திரிச்சாலும் விடாதே. அடிச்சுப் படுக்க வை. அதைச் செய்ய உன்னால முடியும்னா எடு, முடியாதுன்னா நர்ஸுக்கு எழுதிடு."

அன்று மாலை யோருன் உருளைக்கிழங்கு மூட்டைப் பக்கமிருந்து பையை எடுத்துத் தன் படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். சந்தோஷமாகவா என்று கேட்டால், இல்லை. எட்வின் பெயர் வரும்போதெல்லாம் இப்போதும் அவள் வலக்கை தானாக முன்னே நீள்கிறது, யாரோ பிடித்துக்கொள்ளப் போவது போல. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மருத்துவரின் கடிதம் கிரோவேருக்கு வந்துசேர்ந்த நாள் 2017 அக்டோபர் 11, புதன்கிழமை.